எம்டாலா வழக்கா, மருத்துவ அலட்சிய வழக்கா?

அமெரிக்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நேர்ந்த பாதிப்புக்கு இரண்டு சட்ட வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

1986-இல் வந்த எம்டாலா (EMTALA, அவசர மருத்துவச் சிகிச்சை மற்றும் பிரசவச் சட்டம்), கூட்டாட்சிச் சட்டம். மெடிகேர் என்ற, முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள மருத்துவமனை, அவசரப் பிரிவுக்கு வருபவருக்குக் காப்பீடு இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். அவசர நிலை தெரிந்தால் உடல்நிலையைச் சீராக்கவோ, முறைப்படி வேறு மருத்துவமனைக்கு மாற்றவோ வேண்டும்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு, அதே அறிகுறியுள்ள மற்றவர்களுக்கு வழக்கமாக எடுக்கும் இ.சி.ஜி.யை எடுக்காமல் அனுப்பினால் எம்டாலா பொருந்தும். எடுத்த இ.சி.ஜி.யை மருத்துவர் தவறாகப் படித்து அனுப்பினால் பொருந்தாது. அது மாநிலச் சட்டத்தின்கீழ் அலட்சிய வழக்கு. எல்லோருக்கும் ஒரே பரிசோதனை நடந்ததா என்றுதான் எம்டாலா கேட்கிறது. சரியான நோயறிதலுக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான். அலட்சிய வழக்கிலோ தரக்குறைவான சிகிச்சையையும், அதனால்தான் பாதிப்பு என்பதையும் பொதுவாக நிபுணர் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும்.

எம்டாலாவில் நோயாளி மருத்துவமனைமீது மட்டுமே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு. அலட்சிய வழக்கில் மருத்துவரையும் சேர்க்கலாம். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

உள்நோயாளியாக நல்லெண்ணத்துடன் சேர்த்துக்கொண்டால் எம்டாலா கடமை பொதுவாக முடிந்துவிடும். அதன்பின் நடக்கும் தவறுக்கு அலட்சிய வழக்கே வழி. ஒரே நிகழ்வில் இரண்டும் பொருந்தினால் சேர்த்தே தொடுக்கலாம். முதலில் அவசரப் பிரிவுப் பதிவேட்டையும் இடமாற்றப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள்.