தனியாகத் துடுப்பு வலித்துக் கடல் கடக்க: எந்தக் கடல், எந்தத் திசை?

ஏழு மீட்டர் படகு, இரண்டு துடுப்பு, ஒரே ஆள். பாயும் இல்லை, இன்ஜினும் இல்லை. இப்படிப் பெருங்கடல் கடக்க ஆசைப்படும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது தூரத்தை. இரண்டாவதாகச் செலவை. நான் முதலில் பார்க்கச் சொல்வது தூக்கத்தை.

இருவர் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம், படகு நிற்காது. தனி ஆள் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வலித்தாலே பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் படகு காற்றின் கையில், நீரோட்டத்தின் கையில். இந்தப் படகுகளின் இரு முனையிலும் காற்றுப் புகாத அறைகள் இருக்கும். கவிழ்ந்தாலும் தானே நிமிர்வதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். அதே அறைகள் எதிர்க்காற்றில் சுவர் மாதிரி நின்று படகைப் பின்னுக்குத் தள்ளும். தண்ணீருக்குள் குடை போல விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் பாராசூட் நங்கூரத்தை இறக்கினால் பின்னடைவு குறையும், நிற்காது. ஆகவே நீங்கள் தூங்கும்போதும் உங்களைச் சரியான பக்கம் கொண்டுபோகிற கடல் எது என்பதுதான் கேள்வி.

‘ரூபா போன வழியிலேயே போகலாமே’ என்று சிலர் கேட்கிறார்கள், அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டின் தில்னாவோடு ‘தாரிணி’யில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார். நமக்கெல்லாம் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் அது பாய்மரப் படகு. எதிர்க்காற்றிலும் குறுக்கே குறுக்கே வெட்டி முன்னேற அதற்கு வழி உண்டு. துடுப்புப் படகுக்கு அந்த வசதி கிடையாது. அவர் போன பாதையை வைத்து நம் பாதையைத் தீர்மானிக்க முடியாது.

சரி, பாதைகளுக்கு வருவோம்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் போகும் அட்லாண்டிக் பாதையை நான் முதலில் வைக்கிறேன், மற்றவை அதற்கு வெகு பின்னால்தான். கேனரியின் லா கோமேரா தீவிலிருந்து கரீபியனின் ஆன்டிகுவாவுக்குச் சுமார் 4,800 கிலோமீட்டர். டிசம்பரில் கிளம்பினால் புயல் பருவம் முடிந்திருக்கும், வடகிழக்கிலிருந்து விடாமல் ஒரே பக்கம் வீசும் வியாபாரக் காற்று முதுகில் இருக்கும், நீரோட்டமும் அதே பக்கம். 1969இல் ஜான் ஃபேர்ஃபாக்ஸ் கேனரி தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவிலிருந்து ஃபுளோரிடா வரை 180 நாள் வலித்து, அட்லாண்டிக்கைத் தனியாகத் துடுப்பால் கடந்த முதல் மனிதர் ஆனார். 1999இல் டோரி மர்டன் 81 நாளில் கரீபியனின் குவாடலூப் தீவு சேர்ந்தார், தனியாகக் கடந்த முதல் பெண் அவர்தான். நம் நாட்டின் பாவிக் காந்தி 2007இல் 106 நாளில் ஆன்டிகுவா போனார். பெங்களூரில் பிறந்த அனன்யா பிரசாத் 2025இல் அங்கே 52 நாளில் சேர்ந்தார். போய்ச் சேரும் கரை மாறலாம், படகும் உடம்பும் மாறலாம், தள்ளிய காற்று ஒன்றுதான்.

ஆண்டுதோறும் இந்தப் பாதையில் போட்டி நடப்பதால் துணைக்குப் பாய்மரப் படகுகள் வரும். அவை உங்களிடம் வந்துசேர நாட்கள் ஆகலாம், அதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். செலவு எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் போகும். முடித்தவர்கள் படகை விற்பார்கள், பழைய படகு வாங்குவதில் தவறே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதே அட்லாண்டிக்கில் கிளம்பும் இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். 75 வயதை எட்டவிருந்த பிரெஞ்சுக்காரர் ழான்-ழாக் சவேன் 2022 ஜனவரி முதல் தேதி போர்ச்சுகலின் தென்முனையிலிருந்து தனியாகக் கிளம்பினார். வியாபாரக் காற்றைப் பிடிக்குமுன் பாதகமான காற்று அவரைப் பாதையிலிருந்து விலக்கியது. அட்லாண்டிக் நடுவே இருக்கும் அசோர்ஸ் தீவுகளை நோக்கித் திரும்பிய அவர் உயிரோடு கரை சேரவில்லை. கேனரி வரை தெற்கே போய்க் கிளம்பச் சொல்வது இதற்காகத்தான்.

வடக்கு அட்லாண்டிக்கை மேற்கிலிருந்து கிழக்கே கடப்பது தூரத்தில் குறைவு. டாம் மெக்லீன் 1969இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு எழுபது நாள் போலத்தான் எடுத்தார். ஆனால் மூடுபனி, பனிப்பாறை, உறைய வைக்கும் தண்ணீர். நம் கரையில் வளர்ந்த உடம்புக்கு முதல் பயணமாக இதை நான் சொல்லவே மாட்டேன். பசிபிக் அதைவிடப் பெரிய காரியம். பீட்டர் பேர்ட் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஆஸ்திரேலியப் பவளத்திட்டு வரை 294 நாள் வலித்தார். பிறகு 1996இல் அதே பசிபிக்கில் வேறொரு பாதையில் உயிரிழந்தார்.

இந்தியப் பெருங்கடல் என்றதும் நம் கடல் என்று ஒரு நெருக்கம் வருகிறது. துடுப்புக்காரர்கள் போகும் பாதையோ மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மொரீஷியஸ் வரை, நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். 2009இல் சாரா அவுட்டன் 124 நாள், 2011இல் ராஸ் சாவேஜ் 154 நாள். நடுக்கடலில் தென்கிழக்கு வியாபாரக் காற்று நன்றாகத்தான் தள்ளும். தொல்லை இரு முனையிலும். ஆஸ்திரேலியக் கரையோரமாகத் தெற்கே ஓடும் லீவின் நீரோட்டமும் அதன் சுழல்களும் முதல் வாரங்களில் விடாது. மறுமுனையில் மொரீஷியஸைத் தவறவிட்டால் அடுத்து ரீயூனியன் தீவு, அதையும் விட்டால் மடகாஸ்கர். இடையில் உதவிக்கு ஒருவர் வர நெடுநேரம் ஆகும். அட்லாண்டிக் முடித்தவருக்கு இது சரி.

அப்புறம், எல்லோரும் ஆசையோடு கேட்கும் வங்கக்கடல். கடலூரும் அந்தமானின் போர்ட் பிளேரும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, நடுவே 1,400 கிலோமீட்டர். நாளுக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒரு மாதத்துக்குள் முடியும். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், எந்த மாதம் என்றுதான் கேட்பார்கள். சரியான கேள்வி.

இங்கிருந்து அந்தமானுக்குப் போக வேண்டுமானால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஆனால் கடல் கொந்தளிக்கும், வாரக்கணக்கில் மேகம் மூடும். சூரியத் தகடு வேலை செய்யாவிட்டால் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி நிற்கும். கைப்பம்பு உண்டு, ஆனால் வலித்துக் களைத்த கையால் நாள் முழுக்க அதையும் அடிக்க வேண்டும். போய்ச் சேரும் மேற்குக் கரையோ காற்று அறைகிற பாறைக் கரை. அதற்கு முன்னால் யாரும் 5 கடல்மைலுக்குள் நெருங்கக் கூடாத வடக்கு சென்டினல் தீவு. 2006இல் நங்கூரம் நழுவி, தூக்கத்தில் அங்கே ஒதுங்கிய இரண்டு மீனவர்கள் அந்தத் தீவுப் பழங்குடியினரால் கொல்லப்பட்டார்கள். தனி ஆள் தூங்கியே ஆக வேண்டிய பயணத்தில் இப்படி ஒரு கரையை இலக்காக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

திசையைத் திருப்புங்கள். போர்ட் பிளேரிலிருந்து கடலூருக்கு, ஜனவரியில். வடகிழக்குக் காற்று இன்னும் வீசும், வானம் தெளிந்திருக்கும், புயலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. டிசம்பரிலேயே கிளம்ப அவசரப்படாதீர்கள். ‘தானே’ புயல் 2011 டிசம்பர் 30இல்தான் நம் கரையைத் தாக்கியது. பிப்ரவரியைத் தாண்டவும் விடாதீர்கள். அதற்குள் கரையோர நீரோட்டம் வடக்கே திரும்பி வலுக்கத் தொடங்கும், கடலூருக்கு வந்தவர் ஆந்திரப் பக்கம் இழுபட்டுப் போவார். நேர் மேற்கே குறி வைக்காமல் கொஞ்சம் தெற்கே வைத்து வந்தால் அதைச் சமாளிக்கலாம்.

அட்லாண்டிக்குக்குப் பழக இதைவிட நல்ல ஓட்டம் நமக்கு வேறு இல்லை. ஆனால் முதல் முறை இருவராக, பின்னால் துணைப் படகோடு, சென்னையிலும் போர்ட் பிளேரிலும் உள்ள கடல் மீட்பு மையங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வாருங்கள். கரைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் இருக்கும்போதே இருவரும் விழித்திருக்க வேண்டும். அங்கே விசைப்படகுகளும் வலைகளும் இரவெல்லாம் இருக்கும், அலைக்குள் மறையும் தாழ்ந்த துடுப்புப் படகு அவர்கள் கண்ணில் படாது. முகத்துவாரத்துக்குள் நுழைவதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.