சிவகங்கைப் பூங்காவா, கல்லணையா?

மன்னார்குடியிலிருந்து அக்கா பிள்ளைகளோடு வந்தால் முதல் நாள் ராத்திரியே எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: நாளைக்கு எங்கே போவது? அக்காவின் பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 6, என் மகளுக்கு 4. கூடவே முழங்கால் வலியோடு அம்மா. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டே பதில்கள்தான். ஊருக்குள் பெரிய கோயிலை ஒட்டியிருக்கும் சிவகங்கைப் பூங்கா, இல்லையென்றால் 48 கிலோமீட்டர் தள்ளிக் கல்லணை. போன வருஷம் காணும் பொங்கலுக்குக் கல்லணை போனோம், மே விடுமுறையில் சிவகங்கை. இரண்டையும் ஒரே வருஷத்தில், அதே ஆட்களோடு பார்த்த பிறகு என் மனசு சிவகங்கைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

செலவிலும் சாப்பாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே போனாலும் புளியோதரையும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்துதான் போகும். தூரம் எதற்குச் சாதகம் என்று சொல்லவே வேண்டாம்.

கல்லணையின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. திருக்காட்டுப்பள்ளி தாண்டிப் போகும்போது ஜன்னலோரச் சீட்டுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அணை மேல் நின்று பார்த்தால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது. கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்றுதான் சொல்வோம். 1934-இல் வந்தது, இன்னும் அது புதுசுதான். பெரியவனுக்கு அங்கே சொல்ல ஏகப்பட்டது இருக்கிறது. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை இறங்க இறங்க மேலே மேலே அடுக்கி எழுப்பிய அடித்தளம் என்று சொன்னதும், "அப்போ கீழே இன்னும் எவ்வளவு கல்லு இருக்கும் சித்தி?" என்று கேட்டான். யானை மேல் உட்கார்ந்திருக்கும் கரிகாலன் சிலையை விட்டு வர அவனுக்கு மனமே இல்லை.

ஆனால் நாள்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பாசனத்துக்காக மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவும் சில நாள் பிடிக்கும். மேட்டூரில் இருப்பு போதாத வருஷம் எல்லாமே தள்ளிப்போகும். ஆகப் பிள்ளைகளுக்கு முழு விடுமுறை இருக்கும் மே மாதத்தில் ஆறு பெரும்பாலும் வெறும் மணல். தண்ணீர் வரும் நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால்தான் ஆடிப்பெருக்குக்கும் காணும் பொங்கலுக்கும் அங்கே அவ்வளவு கூட்டம்.

சரி, இனி எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் மேலிருந்து பெரியவர்கள் ஐந்து நிமிஷம் கண்ணை எடுக்க முடிகிறதா? எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது.

அன்று கல்லணைப் பூங்காவில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டு முடித்தோம். தூக்கைக் கழுவி வைக்கும்போது அம்மாவின் தட்டு அப்படியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்றேன். "நான் எங்கடி தின்னேன், பிள்ளைங்களைல்ல எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. காலையிலிருந்து அதே வேலை. யோசித்துப் பார்த்தால் அக்காவும் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அக்கா வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் மாறி மாறித் தண்ணீர்ப் பக்கம் நின்றார்கள். ஐந்து பெரியவர்கள், மூன்று பிள்ளைகள், ஒருவர்கூட நிம்மதியாக உட்காரவில்லை. சாயங்காலம் பெரியவனின் பந்து சரிவில் உருண்டு ஆற்றுப் பக்கம் போனது. அவன் அதன் பின்னால் ஓடினான். என் வீட்டுக்காரர் எட்டிப் பிடித்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது வெறும் பயமில்லை. மதகு வழியாக விழுகிற தண்ணீர் கீழே இருக்கும் மணலை அரித்துப் பள்ளமாக்கிவிடும். மேலே பார்த்தால் தெரியாது. ஓரத்தில் முழங்கால் அளவு என்று நினைத்து இறங்கினால் அடுத்த எட்டில் கழுத்தளவு இருக்கும். மணலும் காலடியில் நகரும். நீச்சல் தெரிந்த பெரியவர்களையே இழுத்துப்போன ஆறு இது. அதன் பக்கத்தில் 4 வயசுப் பிள்ளையை ஓடி விளையாட விடுவது எப்படி? விடவும் முடியவில்லை, கையைப் பிடித்தே வைத்திருந்தால் அவள் அழுகிறாள்.

சிவகங்கையில் இந்தப் பாரம் பாதிக்குமேல் இறங்கிவிடுகிறது. சிவகங்கைச் சின்னக் கோட்டைக்குள், குளத்துக்குக் கிழக்கே இருக்கும் பூங்கா. 1871-72-இல் நகராட்சி மக்கள் பூங்காவாக அமைத்தது. சுற்றிலும் மதில். பிள்ளை வெளியே போக வேண்டுமானால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். குளத்துப் பக்கம் ஓர் ஆள் பார்த்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் உட்காரலாம். மே மாதம் போனபோது மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தோம். அங்கிருந்து ஊஞ்சலும் சறுக்கும் நேராகத் தெரிந்தன. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். அப்புறம் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டு அரை மணி நேரம் கண்ணயர்ந்தார். அக்காவும் நானும் நாலு மாதக் கதையைப் பேசித் தீர்த்தோம். குடும்பத்தோடு வெளியே போவது என்பதில் அம்மா தூங்குவதும் சேர்த்திதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

இன்னொன்றும் இதோடு ஒட்டியது. சிவகங்கையிலிருந்து நினைத்த நேரம் கிளம்பலாம். என் மகள் நாலரை மணிக்குச் சிணுங்க ஆரம்பித்ததும் அம்மாவும் அவளும் நானும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மற்றவர்கள் இருட்டும்வரை இருந்தார்கள். கல்லணையில் ஒருவர் களைத்தால் எல்லோரும் கிளம்ப வேண்டும், அதுவும் பண்டிகை நாள் பஸ் கூட்டத்தில்.

குறையும் உண்டு. வெயில் நேரத்தில் சறுக்கு சுடும், அரைக்கால்சட்டை போட்ட பிள்ளைகள் அலறிக்கொண்டு எழுவார்கள். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஞாயிறு சாயங்காலம் ஊஞ்சலுக்கு வரிசை நிற்க வேண்டும். 9 வயதுக்காரனுக்கு ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது மான் பார்க்கப் போன பூங்கா அது. ஸ்மார்ட் சிட்டி வேலைக்காகச் சில வருஷம் மூடித் திறந்த பிறகு பழைய முகம் மாறிவிட்டது. பெரியவனை இழுத்துப் பிடிக்க நான் செய்தது இது: சேவப்ப நாயக்கன் ஏரித் தண்ணீர் மண்குழாய் வழியே பூமிக்கடியில் இந்தக் குளத்துக்கு வந்த கதையைச் சொன்னேன். பக்கத்திலேயே 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்கு அவன் அப்பா நடத்திக் கூட்டிப்போனார். பெரிய கோயிலில் மத்தியானம் சாத்திய நடையை 4 மணி வாக்கில் திறந்ததும் அங்கே போய்விட்டார்கள். கல்லணை அவனுக்குத் தந்த பிரமிப்பு இதில் வராது, ஒத்துக்கொள்கிறேன்.

ராஜராஜன் மணிமண்டபத்தில் இருக்கும் பூங்காவையும் சிலர் சொல்வார்கள். 1995 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த மண்டபம் அது. சாயங்காலம் இரண்டு மணி நேரத்துக்குச் சரி, முழு நாளுக்குப் போதாது. ஸ்ரீரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரே ஒரு தடவைதான் போனோம், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். 6 வயதுக்காரிக்கு ரொம்பப் பிடித்தது. என் மகளைப் பாதி நேரம் இடுப்பில் தூக்கித் திரிந்தேன். காலை வெயில் ஏறும்போது போங்கள், பூச்சிகள் அப்போதுதான் நன்றாகப் பறக்கும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் பத்து வயதைத் தாண்டியவர்கள் என்றால் கல்லணைக்கே போங்கள், ஆனால் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதத்தில். மதகுக்குக் கீழே யாரையும் இறங்க விடாதீர்கள், பந்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அக்கா இந்தப் பொங்கலுக்கும் வருகிறாள். காணும் பொங்கலன்று கூட்டம் சேருமுன், காலையிலேயே சிவகங்கையில் மரத்தடி பிடித்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். பெரியவனை மட்டும் தனியாக ஒரு நாள் கல்லணைக்குக் கூட்டிப்போவதாக அவன் சித்தப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார்.