தெற்குத் தீவில் 11 வாரம்: ஒரு பழைய வேனும் ஓயாத ஈரமும்

நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சுற்ற நானும் கணவரும் உள்ளேயே தூங்கிச் சமைக்கும் பழைய டீசல் கேம்பர்வேன் ஒன்றை வாங்கினோம். வாங்கிய அன்று அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், டயரைத் தட்டிப் பார்த்தார். நான் படுக்கையின் நீளத்தை அளந்தேன். உள்ளே இருக்கும் ஈரம் எந்த வழியாக வெளியேறும் என்று இருவரும் யோசிக்கவில்லை.

மேற்குக் கரைக்குப் போனதும் அந்தக் கேள்வி தானாக வந்தது. டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேகங்கள் தெற்கு ஆல்ப்ஸ் மலையில் மோதி, இந்தப் பக்கமே கொட்டித் தீர்க்கின்றன. மில்ஃபோர்டு சவுண்ட் என்ற கடற்கழியில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. மழைக்காக ஜன்னலை மூடினால், இருவர் மூச்சும் சமையல் ஆவியும் கண்ணாடியில் நீராக வழியும். சுவரோரம் படுப்பவள் நான் என்பதால் விடியும்போது என் தோள் நனைந்திருக்கும். இரண்டாம் வாரம் மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் பூஞ்சை! உடலிலிருந்து இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையைத் தொட்டதும் அங்கேயே தங்கிவிடுகிறது. பலகையில் துளைகள் போட்டு, மேலே மரச்சட்டங்களை அடித்தோம். பூஞ்சை குறைந்தது, முழுதாக ஒழியவில்லை.

இந்த வண்டியில் காசுக்கு மதிப்பான ஒன்று டீசல் ஹீட்டர். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளிவிடும். உள்ளே வருவது உலர்ந்த வெப்பம் மட்டும். கேஸ் அடுப்பை ஏற்றிக் குளிர்காய்வது இதற்கு நேர் எதிர். வாயு எரியும்போதே நீராவி உண்டாகும், கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. ஆனால் ஹீட்டர் பற்றவைக்கும் முதல் சில நிமிடங்களில் மின்சாரத்தை நிறையக் குடிக்கும். மூன்று நாள் விடாத மழையில் கூரைச் சூரியத் தகடு சும்மா கிடந்தது. எங்களுடையது ஈய-அமில பேட்டரி. சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதனால் சில நாள் ஊர் பார்க்க அல்ல, பேட்டரி ஏற்றவே வண்டி ஓட்டினோம்.

ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்பீர்கள். சாண்ட்ஃபிளை என்ற கடி ஈ இருக்கிறதே! மில்ஃபோர்டின் அழகில் மயங்கி மனிதர்கள் அங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஒரு தேவதை இவற்றை ஏவினாள் என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரிகளின் கதை. கடிபட்டவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. நல்லவேளையாக, நன்றாக இருட்டியபின் அவை கடிப்பதில்லை. ஆகவே பகலில் மூடி, இரவில் இரு பக்கமும் ஒரு விரற்கடை திறந்து வைப்பதே எங்கள் வழக்கமானது.

562 மீட்டர் உயரமுள்ள ஹாஸ்ட் கணவாயைக் கடந்து கிழக்கே இறங்க இறங்க, காடு மெலிந்து பழுப்பு மலைச்சரிவுகள் தொடங்கின. நாட்டிலேயே வறண்ட பகுதியான சென்ட்ரல் ஒட்டாகோவில் மெத்தையை வெளியே போட்டு நாள் முழுக்கக் காயவைத்தோம். பயணத்தின் அழகான நாள் எது என்று கேட்டால், ஏரிகளையும் பனியாறுகளையும் விட்டுவிட்டு அந்த நாளைத்தான் சொல்வேன். கணவருக்கு இதில் உடன்பாடில்லை. 3,724 மீட்டர் உயர அவோராகி (குக்) மலையின் அடிவாரத்தில் விடிந்த காலைதான் அவருக்கு. அன்று உறைபனியில் எங்கள் பியூட்டேன் வாயு அடுப்பு எரிய மறுத்தது: பியூட்டேன் ஆவியாவதே சுமார் மைனஸ் அரை டிகிரிக்கு மேல்தான். குப்பியைக் கம்பளிக்குள் அணைத்துச் சூடாக்கிய பிறகே தேநீர் கிடைத்தது.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒருவழிப் பாலங்களில் உங்கள் பக்கம் சிறிய சிவப்பு அம்பு இருந்தால் நின்று வழிவிட வேண்டும். டீசல் வண்டிக்குச் சாலைக் கட்டணத்தை 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே வாங்க வேண்டும். மில்ஃபோர்டு போகும் வழியில் ஹோமர் சுரங்கத்தின் அருகே நிறுத்தினால் கியா கிளிகளிடம் கவனம். எங்கள் வைப்பர் ரப்பரை ஒன்று நிதானமாக உரித்தது, நாங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கழிப்பறை விஷயத்தில், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இருந்தால்தான் தன்னிறைவான வண்டி என்பதற்கான பச்சைச் சான்று கிடைக்கும். தூக்கி வைக்கும் வகை இருக்கும் வண்டியை வாங்காதீர்கள்.

கடைசி வாரம் வண்டியை விற்றோம். வாங்க வந்த இளம் தம்பதியில் கணவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், மனைவி படுக்கையில் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். கொஞ்சம் எழுந்திரு அம்மா என்று சொல்லி, நான் மெத்தையைத் தூக்கிக் காட்டினேன்.