களியக்காவிளை ஆக்கர் கடையில் கிடைத்த பைட் இதழ்கள்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் இந்த ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் கடை. பெயர்ப் பலகை கிடையாது, முன்னால் பிரிட்ஜ் கதவும் சைக்கிள் ரிம்முமாகக் கிடக்கும், பழைய புத்தகம் தேடுகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விஷயம் பின்கட்டில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வீடு காலி செய்கிறவர்கள் எடைக்குப் போட்ட பேப்பரெல்லாம் இங்கே வந்து சேர்கிறது. அதில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை மட்டும் கடைக்காரர் தனியாக எடுத்து அடுக்கியிருக்கிறார். இதுவரை மூன்று தடவை போய்விட்டேன்.

பெரும்பாலும் பிசி குவெஸ்ட், அப்புறம் 2001இல் தொடங்கிய டிஜிட்டின் ஆரம்ப வருட இதழ்கள். சிடியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், உறை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பிசி குவெஸ்டோடு வந்த லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனால் இலவசமான இயங்குதளம்) சிடிக்காகவே பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கியவன் நான். அந்தக் காலி உறைகளைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது.

போன வாரம் அடியில் கிடந்தது பைட் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் பத்திரிகை, 1981 ஏப்ரல் இதழ். அட்டையில் ஒரு மணிக்கட்டு, அதில் கடிகாரம் மாதிரி ஒரு கம்ப்யூட்டர். குட்டித் திரை, பொடிப்பொடியான விசைகள், பக்கவாட்டில் நகத்தளவு பிளாப்பி (அந்தக் காலத்துத் தகவல் சேமிப்புத் தட்டு) ஒன்று உள்ளே போகிறது. கடிகாரத்துக்குள் கம்ப்யூட்டர் வரும் என்று அன்றைக்கே யோசித்தவருக்கு பிளாப்பி இல்லாமல் போகும் என்று தோன்றவில்லை! கடை வாசல் வெளிச்சத்தில் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வரைந்தவர் ராபர்ட் டின்னி. 1975 டிசம்பரில் தொடங்கி பைட்டுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட அட்டைகள், அத்தனையும் கையால் தீட்டியவை. உள்ளே இருக்கும் கட்டுரை புரியாத வயதிலும் அட்டையைப் பார்த்தால் அது எதைப் பற்றியது என்று மனசில் ஏறிவிடும். இப்போதைய அட்டைகளில் போன் போட்டோவும் விலையும்தான் இருக்கின்றன, எனக்கு அவை பிடிப்பதே இல்லை.

அதே கட்டில் 1981 ஆகஸ்ட் இதழும் இருந்தது, ஸ்மால்டாக் என்ற புரோகிராமிங் மொழிக்கான சிறப்பிதழ். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்த மொழி வெளியுலகத்துக்கு வருவதை, தீவிலிருந்து கிளம்பும் வண்ண பலூனாக டின்னி வரைந்திருக்கிறார். பலூன் அப்படியே பளிச்சென்று இருக்கிறது, கீழே தீவு இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. இந்தக் கடையில் என் ஒரே குறை இதுதான். கட்டுகளைச் சிமென்ட் தரையில் வைத்திருக்கிறார்கள், மேலே ஷீட் ஒழுகுகிறது, மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் எத்தனை போகுமோ.

விலை கேட்டேன்.

"எல்லாம் நாப்பது ரூவாதான் மக்களே. படம் நல்லாருக்கேன்னு கிழிக்காம எடுத்து வச்சேன்."

"அண்ணாச்சி, தரையில வைக்காதீங்க, கரையான் விடாது" என்றேன். பலகை இல்லை என்றார். வீட்டில் சும்மா கிடந்த இரண்டு பலகைகளை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன், உடனே கட்டுகளைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

நாற்பது ரூபாய் ரொம்ப நியாயமான விலை. காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் பின்கட்டில் வெளிச்சம் இருக்காது. சில்லறையாகக் கொண்டு போவது நல்லது. நான் கிளம்பும்போது சணல் பிரிக்காத கட்டு இன்னும் இரண்டு இருந்தது.