எந்த மேசையில் திறக்கப்படும்? எலெக்ட்ரானிக்ஸ் டெக்னாலஜி மாணவர்களுக்கு நூல் சேர்ப்பதில் சில எதிரெதிர் தேர்வுகள்

எலெக்ட்ரானிக்ஸ் டெக்னாலஜி படிப்பவரையும் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிப்பவரையும் நூல் வாங்கும் குழுக்கள் பல நேரம் ஒரே பட்டியலில் அடக்கிவிடுகின்றன. முதலாமவருக்குக் கால்குலஸோடு அவ்வளவு உறவு இல்லை. அவர் கையில் சால்டரிங் அயர்ன், எதிரே ஆசிலோஸ்கோப். கோட்பாடு கனத்த நூல்களை அவருக்காக வாங்கினால் அவை அட்டை கசங்காமல் அலமாரியிலேயே நிற்கும். அதனால் எந்த நூலைப் பற்றியும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது எங்கே வைத்துத் திறக்கப்படும்? ஆய்வக மேசையிலா, படிப்பு மேசையிலா, தேர்வுக்கு முந்தைய இரவிலா?

ஒரு நூலில் பத்துப் பிரதியா, பத்து நூலா?

துறை ஆசிரியர்கள் கேட்பது பத்துப் பிரதி. நூலகருக்குப் பிடித்தது பத்து நூல். இருவர் பக்கமும் நியாயம் உண்டு.

இரவல் போகும் நூல்களில் ஏறக்குறைய 80 சதவீதம், இருப்பில் உள்ள 20 சதவீதத்துக்குள்ளேயே சுற்றிவருகின்றன என்று நூலகப் பயன்பாட்டை ஆராய்ந்த ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் 1969இல் எழுதினார். பத்து ஆண்டு கழித்து வெளிவந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் கசப்பானது. அந்த நூலகம் 1969இல் வாங்கிய நூல்களில் சுமார் 40 சதவீதம் அடுத்த 6 ஆண்டுகளில் ஒருமுறைகூட வெளியே போகவில்லை. ஆகவே ‘எல்லாவற்றிலும் ஒன்று இருக்கட்டும்’ என்ற ஆசைக்குக் கடிவாளம் வேண்டும்.

ஆனால் பத்துப் பிரதிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. டிரான்சிஸ்டரைச் சரியான இயக்க நிலையில் நிறுத்தும் பயாஸிங்கை ஒரு நூலாசிரியர் சொன்னபோது புரியாமல், இன்னொருவர் சொன்னதும் சட்டென்று பிடிபடுவதை இந்தத் துறையில் படித்த எவரும் அனுபவித்திருப்பார். பத்தும் ஒரே நூலாக இருந்தால் அந்த வழி அடைபடுகிறது. புதிய பதிப்பு வந்தால் பத்தும் ஒரே நாளில் பழசாகின்றன.

முதல் ஆண்டுச் சுற்றுகள், டையோடு, டிரான்சிஸ்டர், டிஜிட்டல் ஆகிய அடிப்படைகளுக்குப் பாடநூலில் ஆறு பிரதி, அதே பொருளில் வேறு இருவர் எழுதியதில் இரண்டிரண்டு. மேல் வகுப்புச் சிறப்புப் பாடங்களுக்கு ஒவ்வொன்று போதும். என் கணக்கு இதுதான்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழும் ஒரு பள்ளம் உண்டு. டெக்னாலஜி பாடநூல்களில் சில, மின்னோட்டத்தை எலெக்ட்ரான் நகரும் திசையில் வரைபவை. மற்றவை மரபுவழித் திசையில், நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு. தாமஸ் ஃப்ளாய்டின் பாடநூல்கள் சில இரண்டு வடிவங்களிலும் தனித்தனியாக அச்சாகியுள்ளன, தலைப்பும் அட்டையும் கிட்டத்தட்ட ஒன்றே. கவனிக்காமல் மூன்றும் மூன்றுமாக வாங்கிவிட்டால், அருகருகே உட்கார்ந்த இரு மாணவர்களின் படங்களில் அம்புக்குறிகள் எதிரெதிராக இருக்கும். எது சரி என்று அவர்கள் சண்டை போடுவார்கள், இரண்டுமே சரி. வகுப்பில் எது நடத்தப்படுகிறது என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அச்சா, மின்னூலா?

படிப்பு மேசைக்கு மின்னூல் நல்லது. சொல்லைத் தேடலாம், நூலகம் மூடிய பிறகும் திறக்கும். ஆனால் உரிமத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்ற உரிமம் அச்சுப் பிரதியைவிட மோசமாகவும் போகலாம். ஒருவர் திறந்துவைத்துவிட்டுத் தேநீருக்குப் போனால், பிறருக்கு அந்த நூல் பூட்டப்பட்டிருக்கும், தட்டி எழுப்ப ஆளும் இல்லை. சந்தாத் தொகுப்பு என்றால் சந்தா நின்ற மறுநாள் அலமாரி காலி. சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிப்பகம் சில தலைப்புகளைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு. தேர்வுப் பாடநூலை அப்படிப்பட்ட தொகுப்பை மட்டும் நம்பி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆய்வக மேசையில் நிலைமை வேறு. திரையில் ஏற்கெனவே சிமுலேட்டரோ நிரலோ ஓடுகிறது. சுற்றுப்படம் ஒரு பக்கம், விளக்கம் மறுபக்கம் என்றால் கைபேசியில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கையில் மல்டிமீட்டர் முனை, மறு கையில் இன்னொன்று, திரையைத் தள்ள மூன்றாவது கை ஏது? பழுதறிதல், அளவீடு, சால்டரிங் நூல்களை அச்சில், அதுவும் விரித்தால் விரித்தபடி கிடக்கும் சுருள்கம்பிக் கட்டில் வாங்குவேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. டோனி குப்பால்ட்டின் மின்சுற்றுப் பாடங்கள் போன்ற சில நூல்கள் நகலெடுத்துப் பகிரும் உரிமத்தோடே கிடைக்கின்றன. வேண்டிய அத்தியாயத்தை மட்டும் அச்சிட்டுக் கட்டி ஆய்வகத்தில் வைக்கலாம். சால்டரிங்கில் பயன்படும் ஃபிளக்ஸின் கறை பட்டால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம், அபராதம் கிடையாது.

பழைய டேட்டா புக்கா, இணைய டேட்டா ஷீட்டா?

பார்த்தால் இது போட்டியே இல்லை. எந்தப் பாகத்தின் டேட்டா ஷீட்டும், அதாவது அதன் விவரங்களைச் சொல்லும் தயாரிப்பாளரின் தாளும், இணையத்தில் இலவசம், அதுவும் திருத்திய பதிப்பு. அந்தத் தாள்களைத் தொகுத்து அச்சிட்ட தடித்த டேட்டா புக்குகள் அலமாரியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைக் கழிக்கச் சொல்பவர்கள் பாதிதான் சரி.

இணையத்தில் தேட, பாகத்தின் எண் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘இந்த வேலைக்கு எந்த மின்னழுத்த ரெகுலேட்டர்?’ என்று தொடங்கும் மாணவருக்கு எண் தெரியாது. டேட்டா புக்கின் முன்பகுதியில் இருக்கும் தேர்வு அட்டவணையும், பின்பகுதிப் பயன்பாட்டுக் குறிப்புகளும் அவருக்காகவே எழுதியவை. பக்கத்தைப் புரட்டும்போது தேடாத பாகமும் கண்ணில் படுகிறது. நிறுவனங்கள் கைமாறும் சங்கதி இன்னொன்று. நேஷனல் செமிகண்டக்டரை 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. ஃபேர்சைல்ட் 2016இல் ஆன் செமிகண்டக்டரிடமும், லீனியர் டெக்னாலஜி 2017இல் அனலாக் டிவைசஸிடமும் போயின. அப்படிக் கைமாறும்போது நின்றுபோன பாகங்களின் தாள்கள் நிறுவனத் தளத்தில் கிடைக்காமல் போவதுண்டு. பழைய கருவியைப் பிரித்துவைத்திருக்கும் மாணவருக்கு அப்போது காகிதம்தான் துணை.

இன்னொரு பக்கமும் உண்டு. 7805 ரெகுலேட்டரை எழுத்து தெரியும்படி பிடித்தால் கால்கள் இடமிருந்து உள்ளீடு, தரை, வெளியீடு. அதே உறையில் வரும் எல்எம்317இல் அவை அட்ஜஸ்ட், வெளியீடு, உள்ளீடு. டிரான்சிஸ்டரிலும் இதே கதை: தட்டைமுகம் நம்மைப் பார்க்க பிசி547 கலெக்டரில் தொடங்கும், 2என்3904 எமிட்டரில் தொடங்கும். உருவம் ஒன்றுபோல இருப்பதை நம்பிப் பொருத்திப் புகைவிட்ட பாகங்களுக்குக் கணக்கில்லை. இதற்கு முழு டேட்டா புக் தேவையில்லை. ஆய்வகத்தில் அடிக்கடி புழங்கும் முப்பது நாற்பது பாகங்களின் முதல் பக்கங்களை அச்சிட்டு ஒரு கோப்பாக மேசைக்கு மேசை வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும். நூலகம் ‘வாங்காத’ இந்தக் கோப்பு, வாங்கிய பல நூல்களைவிட அழுக்காகும்.

பழைய மைக்ரோகண்ட்ரோலரா, புதிய போர்டா?

பழைய நூல் சீக்கிரம் காலாவதி ஆகும், புதியது நிலைக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் நேர்மாறு. இன்டெல் 1980இல் கொண்டுவந்த, ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினியான 8051 மைக்ரோகண்ட்ரோலர் பற்றிய நல்ல நூல் ரெஜிஸ்டர், டைமர், இன்டரப்ட் ஆகியவற்றை இன்றும் பிழையில்லாமல் கற்றுத்தரும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி போர்டு பற்றி 2018இல் அச்சான நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த பை 5இல் பின்களை இயக்குவது ஆர்பி1 என்ற தனிச் சிப். பழைய நூல்களின் நிரல்கள் நம்பியிருந்த ஆர்பிஐ.ஜிபிஐஓ (RPi.GPIO) என்ற பைதான் நிரல் தொகுப்பு அதில் ஓடாது. மாணவர் தன் வயரிங்கைச் சந்தேகித்து ஒரு மாலையை வீணடிப்பார்.

எனவே போர்டு நூல்களை மின்னூலாகவோ ஒற்றைப் பிரதியாகவோ வாங்கி, மூன்று ஆண்டில் கழித்துவிடலாம். கட்டமைப்பு சொல்லும் நூலுக்குத்தான் கெட்டி அட்டை.

ஆராய்ச்சி இதழ்ச் சந்தா இந்த மாணவர்களுக்குப் பெரிதாக உதவாது. அந்தப் பணத்தில் ஒரு செய்முறை இதழும், அசெம்பிளி தரத்துக்கான ஐபிசி-ஏ-610இன் நடப்புத் திருத்தத்தில் ஒரு பிரதியும் வாங்கலாம்.

கடைசியாகச் சால்டரிங் நூல்கள். மின்னணுக் கருவிகளில் அபாயப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆர்ஓஎச்எஸ் (RoHS) விதி 2006 ஜூலை 1 முதல் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. அதற்கு முந்தைய நூல்கள் 63/37 வெள்ளீய-ஈயக் கலவையை, அதன் 183 டிகிரி செல்சியஸ் உருகுநிலையை வைத்தே பேசும். ‘பளபளவென்று இருந்தால் நல்ல இணைப்பு’ என்றும் சொல்லும். ஈயமில்லாத எஸ்ஏசி305 சால்டர் உருகுவது 217 முதல் 220 டிகிரியில், நன்றாகப் பிடித்த இணைப்பே மங்கலாகச் சொரசொரப்பாகத் தெரியலாம். பழைய நூலை நம்பிய மாணவர் நல்ல இணைப்பையெல்லாம் திரும்பத் திரும்பச் சூடாக்கி, செம்புத் தடத்தைப் பெயர்த்துவிடுவார். ஆனாலும் அந்த நூல்களைக் கழிக்கவில்லை. பழுதுக்கு வரும் பழைய கருவிகளில் இருப்பது ஈய சால்டர்தானே. அட்டைக்குள் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னேன்: ‘இதில் உள்ள வெப்பநிலைகளும் படங்களும் ஈய சால்டருக்கு மட்டும்.’