லாஜிஸ்டிக் ரிக்ரெஷனா, ரேண்டம் ஃபாரஸ்ட்டா?

பெங்களூரில் நரம்பியல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தீசிஸ் நேரத்தில் கேட்பது இது: கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் மூளையுறை அழற்சி வந்தவர் பிழைப்பாரா என்று கணிக்க எதை எடுப்பது: ஒவ்வொரு காரணிக்கும் எடை போட்டு ஆபத்தைக் கணக்கிடும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனா, பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்க்கும் ரேண்டம் ஃபாரஸ்ட்டா? நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமலா இருக்கும்!

தரவின் அளவு
ரிக்ரெஷன்: ஒரு காரணிக்குக் குறைந்தது 10 இறப்புகள் என்பது பழைய கணக்கு. 40 இறப்புகள்தான் என்றால் நினைவுக் குழப்பம், தண்டுவட நீரில் பூஞ்சை அளவு, அதே நீரில் வெள்ளணுக் குறைவு, வயது, அவ்வளவுதான்.
ஃபாரஸ்ட்: இன்னும் நிறைய கேட்கும். சின்னத் தரவை மனப்பாடம் செய்துவிட்டு, புது நோயாளியிடம் திணறும்.

வார்டில் விளக்குவது
ரிக்ரெஷன்: எந்தக் காரணி ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டலாம்.
ஃபாரஸ்ட்: முக்கியத்துவ வரிசை கிடைக்கும். சீஃப் "ஏன்?" என்றால் சிரமம்தான்.

வளைந்த உறவுகள்
ஆபத்து நேர்கோட்டில் ஏறாத, தண்டுவட நீர் அழுத்தம் போன்றவற்றில் ஃபாரஸ்ட் தானாகவே வளைவைப் பிடிக்கும். ரிக்ரெஷனில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

செலவு
இரண்டும் ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகளில் இலவசம்.

இரண்டையும் கவிழ்ப்பவை வேறு. நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கும் நாளில் கணிக்கும் மாடலுக்குள், அன்று தெரியவே தெரியாத 14-ஆம் நாள் கல்ச்சர் (பூஞ்சை வளர்ப்புச் சோதனை) முடிவு நுழைந்தால் எண்கள் பொய்யாக மின்னும். சிகிச்சையும் மாறிவிட்டது: எச்ஐவி உள்ளவர்களுக்கு லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை ஒரே பெரிய டோஸாகத் தந்து, அதே வகை மருந்துகளான ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் சேர்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. அதற்கு முந்தைய கோப்புகளில் பழகிய மாடல் ஆபத்தைக் கூட்டிச் சொல்லக்கூடும்.

ஒரே மருத்துவமனைக் கோப்புகள் என்றால் ரிட்ஜ் அல்லது லாசோ (காரணிகளின் எடையைச் சுருக்கி மனப்பாடத்தைக் குறைக்கும் முறைகள்) சேர்த்த ரிக்ரெஷன். பல மையங்கள், ஆயிரக்கணக்கில் நோயாளிகள் என்றால் ஃபாரஸ்ட்; அப்போதும் பக்கத்தில் ரிக்ரெஷனை ஓடவிட்டு, வேறு மையத் தரவில் இரண்டையும் சோதியுங்கள்.