கூட்டணிக்குள்ளா, தனித்தா: காரைக்குடி வாக்காளர் முன்னால் உள்ள வழிகள்

2021 சட்டமன்றத் தேர்தலில் காரைக்குடி வாக்கு இயந்திரத்தில் உதயசூரியனும் இல்லை, இரட்டை இலையும் இல்லை. திமுக காங்கிரசுக்கும், அதிமுக பாஜகவுக்கும் தொகுதியை விட்டுக்கொடுத்திருந்தன. "நம்ம இலை எங்கப்பா?" என்று எங்கள் தெரு ஆச்சி கேட்க, "இந்த வாட்டி நமக்குத் தாமரைதான் ஆச்சி" என்றார் நோட்டீஸ் கொடுக்க வந்த தம்பி.

கூட்டணிக்குள் இருக்கும் சிறிய கட்சிக்குப் போட்டால் சட்டமன்றத்துக்கு ஆள் போவது நிச்சயமாக நடக்கக்கூடியது. பக்கத்துச் சிவகங்கையில் இந்தியக் கம்யூனிஸ்ட் 2006-ல் திமுக அணியில் ஜெயித்தது, 2011-ல் அதிமுக அணியிலும் ஜெயித்தது. ஆனால் ஜெயித்தவர்கள் கோட்டையில் பார்வையாளர்கள்தான். 2006-ல் திமுகவுக்குக் கிடைத்தது 234-ல் 96 இடம். காங்கிரசும் பாமகவும் வெளியிலிருந்து தாங்கின. அமைச்சர்கள் அத்தனை பேரும் திமுக.

தனித்து நிற்பவருக்குப் போட்டால்? 2024-ல் காரைக்குடியும் அடங்கிய சிவகங்கை மக்களவைத் தொகுதியில் நாம் தமிழர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாங்கி நான்காவது இடம். மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒரு எம்.பி. கூட இல்லை. மனசுக்குப் பிடித்தவருக்குப் போட்ட நிறைவு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் தொகுதிக்காகப் பேச ஆள் கிடைக்கவில்லை.

இந்த ஊர் இரண்டையும் ஒரே கட்சியை வைத்துப் பார்த்திருக்கிறது. 1996-ல் திமுகவோடு சேர்ந்து நின்ற தமாகாவின் (தமிழ் மாநில காங்கிரஸ்) ப. சிதம்பரம் இதே மக்களவைத் தொகுதியில் ஜெயித்து மத்திய நிதியமைச்சரே ஆனார். 1999-ல் அதே தமாகா இரு கழகங்களும் இல்லாமல் நின்றது, அவரே தோற்றார்.

கூட்டணி ஆட்சி என்றாலே கவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் 1996-98-ல் டெல்லியில் இருந்த ஐக்கிய முன்னணி ஆட்சியைத்தான் காட்டுவார்கள். சரி, இரண்டு பிரதமர்கள் போனது உண்மை. ஆனால் கவிழ்த்தது யார்? அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த தமாகாவோ திமுகவோ இல்லை, வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ். பொறுப்பில் பங்கில்லாதவருக்குக் காலை வாருவது சுலபம். அதனால் மூன்றாவது வழிதான், அதாவது அமைச்சரவையிலேயே பங்கு என்பதுதான், எனக்குச் சரியாகப் படுகிறது. ஓட்டுக் கேட்கும்போது கூட்டணி, கோட்டைக்குப் போனதும் தனி ஆட்சி என்றால் எங்கள் ஓட்டில் பாதிக்குத்தான் மதிப்பு. அடுத்த முறை கழனிவாசல் பக்கம் வரும் கூட்டணி வேட்பாளரிடம், தொகுதிப் பங்கீட்டில் உட்கார்ந்தபோது அமைச்சர் பதவி பற்றிப் பேசினீர்களா என்று நேராகவே கேட்கப்போகிறேன்.